ஒரு பக்கம் இருபது காசு

சுங்கை ரம்பையில், போலீஸ் நிலையத்துக்கு எதிரே
நகலெடுக்கும் கடை என்னுடையது.
பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, செத்தவரின் ஐசி
எல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்தவை.
யார் வீட்டில் என்ன குறையென்று
கோயில் தலைவருக்கு முன் எனக்குத் தெரிந்துவிடும்.

நேசமேரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.
செம்பனைக்கு மருந்தடிக்கிற கை,
நகக்கண்ணில் நீலம்.
தோட்டம் கைமாறியதிலிருந்து
இரவு ஒன்பதுக்கு வாசலில் கம்பி இறங்கிவிடுகிறதாம்.
வெளியே போக நோட்டில் எழுத வேண்டும்:
எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய்.
காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒருவன் 'எதற்கு' என்ற பத்தியை நிரப்பியிருக்கிறான்.

"வாசலிலேர்ந்து மாவட்ட ஆபீஸ் வரைக்கும் நடக்கணும்.
எண்ணூறு மீட்டர்.
கத்த வேணாம். நடந்தா போதும்."

மலாய்ப் பாரத்தை நான் நிரப்பினேன்.
இடம், நேரம், ஆள் எத்தனை, பேசுவது யார்.
நோக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"நடக்கிறதுக்கு நடக்கிறதுதான் நோக்கம், எழுதுங்க."

சார்ஜன் ரொஸ்லி நல்ல மனிதர்,
என் கடையில் கடன் வைக்காதவர்.
"பெர்மிட் கேட்டு வந்தீங்களா?"
"கேக்க வரல. தெரிவிக்க வந்தோம்."
இரண்டுக்கும் நடுவே ஒரு மேசைதான் அகலம்.
அதைத் தாண்டி அவர் முத்திரை வர
இருபது நிமிடமானது.
மின்விசிறி என் தாள்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஐசி கேட்டார்.
அவளுடையது சிவப்பு.

இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
அப்பா பதியப் போகாத ஒரு மழைக்காலம்
நாற்பத்தாறு வயதிலும்
அவள் தலையில் சொட்டுகிறது.
கூடும் உரிமை குடிமக்களுக்கு என்றார் ரொஸ்லி.
நடத்தவும் கூடாது, நடக்கவும் கூடாது.
மெதுவாகத்தான் சொன்னார்,
நோயின் பெயரைச் சொல்கிற டாக்டர் போல.

பெயரை அடித்துவிட்டு
லாரிக்கார அருணகிரியை எழுதினோம்.
அடித்த கோட்டுக்குக் கீழே
அவள் பெயர் இன்னும் படிக்க முடிந்தது.

திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர் நடந்தார்கள்.
சிலிப்பர் சத்தம்.
ஆ கியோங் கோழி வெட்டுவதை நிறுத்தினார்.
ஒரு பையன் கொட்டாவி விட்டான்.
வரிசை என் கடையை நெருங்கும்போது
நேசமேரி உள்ளே வந்து
சிவப்பு அட்டையை நீட்டினாள்.
"ஒரு காப்பி."
எடுத்தேன்.
"இன்னொண்ணு."

நகலெடுக்க ஒருத்தி நிற்பதைத் தடுக்க
நானறிந்த சட்டத்தில் வரியில்லை.
தெருவைப் பார்த்தபடி நின்றாள்.
கடைசி ஆள் அஞ்சடியைக் கடக்கும்வரை
ஒன்று ஒன்றாய்ப்
பதினேழு.

கறுப்பு வெள்ளை மிஷின் என்னுடையது.
எந்த அட்டை சிவப்பு, எது நீலம் என்று
அதற்குத் தெரியாது.
அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை,
கவுண்டரில் அசலைத்தான் கேட்பார்கள்.

மூன்று வெள்ளி நாற்பது.
வேண்டாம் என்றேன்.
"ஓசியில நிக்க வரல நான்" என்று
சில்லறையை எண்ணி வைத்தாள்.

கம்பி இப்போது பத்து மணிக்கு இறங்குகிறது.
ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.
மனு மேசையில் இருக்கிறது, மேசை எங்கே என்று தெரியவில்லை.
வாசல் நோட்டில் மட்டும்
'எதற்கு' என்ற பத்தியில்
மருந்துக்குப் போகிறவர், சோறு வாங்கப் போகிறவர்,
சும்மா காற்று வாங்கப் போகிறவர்
எல்லாரும் ஒரே சொல்லை எழுதுகிறார்களாம்:

நடக்க.